இறக்கிவிடும் இடம்

கஞ்சி இன்னும் ஆறவில்லை. உலகம்மாள் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுப் பார்த்தாள், சுட்டது. ஆறட்டும், என்ன அவசரம், பதினோரு மணிக் கஞ்சி பதினொன்றே காலுக்கு உள்ளே போனால் டிப்போவிலிருந்து மெமோவா வரப்போகிறது என்று நினைத்தாள். நினைத்ததும் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்த சொரிமுத்துவைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் மெமோ வாங்கியவர் அவர்தான், அதுவும் ஒன்றா ரெண்டா. இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே வலது பக்கமாகச் சரிந்தார். வலது கையும் காலும் போயிற்று, பேச்சும் கூடவே போயிற்று. மிச்சம் நின்றது ரெண்டே ரெண்டு சொல். ரைட். ஹோல்டான். நாளுக்கு ஆயிரம் தடவை சொன்னது, அது மூளையைக் கேட்காமலே நாக்கில் வரும் என்றார் டாக்டர். உலகம்மாளுக்கு அப்போது வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள் பேர் நிற்கவில்லையாம், பஸ்ஸை நிறுத்துகிற சொல் நிற்கிறதாக்கும்! அப்புறம் போகப் போக, இந்த ரெண்டை வைத்தே குடும்பம் நடத்திவிடலாம் என்று தெரிந்துபோனது. ஃபேன் போடவா என்றால் ரைட். கஞ்சி போதும் என்றால் ஹோல்டான். சண்டைகூடப் போடலாம், ஹோல்டானை எந்தக் குரலில் சொல்கிறார் என்பதில் எல்லாம் இருக்கிறது.  ஆடிக்காற்று ஜன்னல் கதவை இழுத்து இழுத்து அறைந்துகொண்டிருந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டூலில் லேப்டாப் திறந்திருந்தது, அதைத்தான் அவள் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். 'படுக்கையோரம்' என்று பெயர், அவளுடைய வெப்சைட். பத்திரம் எழுதுகிறவர் ஆபீஸில் பதினேழு வருஷம் தமிழ் டைப் அடித்த கை, சும்மா இருக்குமா? அவர் விழுந்த வருஷம் எதை வாங்குவது, எது முதுகைப் புண்ணாக்கும், எது பாத்ரூமில் வழுக்கும் என்று ஒன்றும் தெரியாமல் அல்லாடியதையெல்லாம் எழுதி வைத்தாள். அவருடைய தங்கை முத்துப்பேச்சி, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறவள், அதை எடுத்து வெப்சைட்டாக்கிக் கொடுத்தாள். காற்றுப் படுக்கைக்கு ஒரு பக்கம், சக்கர நாற்காலிக்கு ஒரு பக்கம், கஞ்சி குடிக்கிற கப்புக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றின் அடியிலும் 'இங்கே வாங்கலாம்' என்று ஒரு பட்டன். அமுக்கினால் ஆன்லைன் கடைக்குக் கொண்டுபோய் விடும். அங்கே போய் யார் எதை வாங்கினாலும் கடைக்காரன் அவளுக்குக் கொஞ்சம் கமிஷன் தள்ளுவான், டயாப்பர் செலவுக்கு ஆகும். அவ்வளவுதான் வியாபாரம். அந்தக் கப் பக்கத்தில்தான் காலையில் ஒரு பெண் எழுதியிருந்தாள். "அக்கா, நீங்க போட்ட ரெண்டு கைப்பிடி கப் கிடைக்கலை. பட்டனை அமுக்கினா வேற கப் வருது. அதையே வாங்கிரவா? அப்பாவுக்கு ரெண்டு நாளா தண்ணிகூட இறங்க மாட்டேங்கு. என்ன குடுத்தாலும் புரையேறுது. மாரிச்செல்வி, கோவில்பட்டி." படித்த கையோடு, "எந்தக் கப்பும் வாங்காதம்மா, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்று அடித்து அனுப்பிவிட்டு, மூன்று மாதத்துக்கு அப்புறம் முதல்தடவையாகத் தன் பட்டனைத் தானே அமுக்கிப் பார்த்தாள். 

அந்தக் கப் விற்பனையில் இல்லை. இல்லாவிட்டால் இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே, கடை அப்படிச் சொல்லுமா? அதே மாதிரி இன்னொன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டது. அதை அவளுக்குத் தெரியும். நீல மூடி, பெரிய மூக்கு. சாய்த்தால் குபுக்கென்று கொட்டும். அவர் விழுந்த புதிதில் முதலில் வாங்கியது அதுதான். ஒரே மடக்கில் அவருக்குப் புரையேறி, கண் செருகி, முகம் கறுத்து, அவள் முதுகில் அறைந்த அறையில் அவளுடைய வளையல் உடைந்து அவர் முதுகில் கீறியது. அந்தக் கப்பை அன்றைக்கே குப்பையில் போட்டாள். அதற்கு அப்புறம் தேடித் தேடி வாங்கியதுதான் சின்ன ஓட்டை வைத்த இந்த ரெண்டு கைப்பிடி கப், அதைத்தான் ஊருக்கெல்லாம் சொன்னாள். இப்போது அவள் பேரைச் சொல்லிக்கொண்டு அந்த நீல மூடி போகிறது. கடையிலிருந்து பட்டியல் வரும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்னென்ன வாங்கினார்கள் என்று. யார் என்று வராது. அந்தப் பட்டியலை அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் திறப்பாள். போன வருஷம் ஒரு நாள், மாதாமாதம் ஒரே அளவு டயாப்பரும் கூடவே ஒரு டப்பா இஞ்சி மிட்டாயும் வாங்கிக்கொண்டிருந்த முகம் தெரியாத யாரோ, டயாப்பர் வாங்காமல் அதே இஞ்சி மிட்டாயோடு போட்டோவுக்குப் போடுகிற சந்தன மாலை ஒன்று வாங்கியிருந்தார்கள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. யாருக்காக அழுகிறோம் என்று தெரியாமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மூன்று மாதமாகத் திறக்காமல் விட்ட பட்டியலை இன்றைக்கும் அப்படி ஒரு கண்ணால் திறந்து எண்ணிப் பார்த்தால், சித்திரையிலிருந்து நீல மூடி பதினொன்று. பதினோரு வீடு. யார் யாரோ, எந்த ஊரோ, எத்தனை முதுகில் அறை விழுந்ததோ, ஐயோ, உலகு, என்ன காரியம் பண்ணி வைத்திருக்கிறாய்!

மூன்று மாதமாக அந்தப் பக்கத்தை ஏன் திறக்கவில்லை என்பது அவளுக்கா தெரியாது? திறந்தால் மேலே அந்தப் போட்டோ இருக்கும். ரெண்டு கைப்பிடியையும் ரெண்டு கையால் பிடித்துக்கொண்டு, செத்த வலது கையை இடது கையோடு சேர்த்துக் கோர்த்து, அவரே தூக்கிக் குடிக்கிற போட்டோ. முகம் இல்லை, கை மட்டும்தான். இருபத்தெட்டு வருஷம் டிக்கெட் கிழித்த கை. 'இதோ பாருங்கள், அவரே குடிக்கிறார்' என்று கீழே எழுதியிருந்தாள். அதை எழுதின அன்றைக்கு அவளுக்கு வந்த பெருமை, மகளைக் கட்டிக்கொடுத்த அன்றைக்குக்கூட வரவில்லை. சித்திரையில் ரெண்டாவது தடவையாக, சத்தமில்லாமல், தூக்கத்திலேயே பக்கவாதம் வந்துபோனது. எழுந்தபோது இடது கையும் நடுங்க ஆரம்பித்திருந்தது. கப்பைத் தூக்குவார், பாதி வழியில் கை விழும், கஞ்சி நெஞ்சில் கொட்டும், அவர் கண்ணை மூடிக்கொள்வார். நாலு நாள் பார்த்தாள். அஞ்சாம் நாள் பரணில் ஏறி, மகளுக்குப் பாலும் மருந்தும் ஊற்றின எவர்சில்வர் பாலாடையை எடுத்துக் கழுவினாள். சங்கு என்பார்களே, மூக்கு வைத்த குட்டிக் கிண்ணம், அதுதான். அதை எழுதவில்லை. எழுதினால் அது உண்மையாகிவிடும் என்பதுபோல ஒரு பயம். எழுதாதவரைக்கும் அந்தப் பக்கத்தில் அவர் இன்னும் கப்பைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார்.

செல்போன் அடித்தது. முத்துப்பேச்சி. "மதினி, மெசேஜ் பாத்தேன். இதுக்கா இம்புட்டு கவலைப்படுதிய? அந்தப் பட்டனைக் கடையோட தேடுற பக்கத்துக்குத் திருப்பி விட்டுருவோம். முப்பது கப் வரிசையா வரும், அவங்கவங்களுக்குப் பிடிச்சதை எடுத்துக்கிடட்டும். இல்லேன்னா கடையோட முகப்புக்கே அனுப்பிருவோம், அதுதான் இன்னும் நல்லது, ஒரு நாளைக்குள்ள அவங்க எதை வாங்கினாலும் நமக்கு வரும். கப் வாங்க வந்தவன் ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் வரும், பாத்துக்கிடுங்க." "முப்பதுல அந்த நீல மூடியும் இருக்குமா பேச்சி?" "இருக்கும். முதல்லயே இருக்கும், அதுதானே நல்லா விக்குது." "நல்லா விக்குதாக்கும்." "மதினி, நாம ஒண்ணும் டாக்டர் இல்லை. வழி காட்டுதோம், அம்புட்டுதான். அண்ணன் கஞ்சி குடிச்சாச்சா? கப்புலதானே குடிக்காக?" உலகம்மாள் கையிலிருந்த பாலாடையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், போனில் தங்கச்சி குரல் கேட்டதில் ஒரு பக்க உதடு மட்டும் லேசாக நெளிந்திருந்தது. "ஆறிட்டு இருக்கு. அப்புறம் பேசுதேன் பேச்சி," என்று வைத்துவிட்டாள். அவரு சொந்தத் தங்கச்சிகிட்டயே மறைச்சாச்சு, இதுல முகம் தெரியாத ஊருக்கு எதை மறைச்சா என்ன என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கஞ்சி ஆறியிருந்தது. கழுத்தில் துண்டைக் கட்டி, தலையணையை நிமிர்த்தி, "தாடையை இறக்குங்க" என்றாள். இறக்கினார். பாலாடையை உதட்டோரம் வைத்து, நல்ல பக்கத்துக் கன்னத்தில் படுகிற மாதிரி ஒரு துளி, இன்னொரு துளி. தொண்டைக் குமிழ் ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, இறங்கினால்தான் அடுத்தது. விழுங்குகிற பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் சொன்னது இது: ஒரு மடக்கு, பொறு, ஒரு மடக்கு, பொறு. இந்தப் பொறு என்கிற இடத்தில்தான் மனசு எங்கெங்கோ போய்விடுகிறது. வழி காட்டுதோம் அம்புட்டுதான் என்கிறாளே பேச்சி. அவள் அண்ணன் அப்படிச் சொல்வாரா? ஒரு மடக்கு. அம்பாசமுத்திரத்து வண்டியில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், பஸ் ஸ்டாண்டில்தான் எல்லாரையும் இறக்க வேண்டும் என்று சட்டம். ஆனால் ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எப்படி வருவார்கள்? கையில் கட்டு, இடுப்பில் பிள்ளை, மடியில் எக்ஸ்ரே கவர். ஸ்டாண்டில் இறங்கினால் அங்கேயிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும், அதைக் கண்டுபிடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். அதனால் வண்டியில் அப்படி ஒரு ஆள் இருந்தால் டிரைவரைத் தாஜா பண்ணி வண்டியை அந்தப் பக்கமாகத் திருப்பச் சொல்லி, ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரிலேயே ஹோல்டான் என்பார். இறங்கச் சொல்வதோடு விடமாட்டார், எந்த வாசல், எந்தச் சீட்டு, யாரைக் கேட்க வேண்டும் என்று படியில் நின்று சொல்லிவிட்டுத்தான் ரைட். பொறு. தொண்டைக் குமிழ் இறங்கிவிட்டது, அடுத்தது. அதற்கு வந்ததுதான் மெமோ, ஒன்றல்ல மூன்று. ஏன் இப்படி வாங்கிக் கட்டிக்கொள்கிறீர்கள் என்று அவள் சண்டை பிடித்தாள். "டிக்கெட் ஆஸ்பத்திரிக்குன்னு கேட்டு வாங்கினாளே, நான் அவளை அந்தச் சந்தை மாதிரி ஸ்டாண்டுல இறக்கிவிட்டா நல்லாவா இருக்கும்?" என்றார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே. முப்பது கப்பை வரிசையாக நிறுத்தினால் அது சந்தைதானே. கடை முகப்பு என்றால் அதைவிடப் பெரிய சந்தை. அப்பாவுக்குத் தண்ணி இறங்கவில்லை என்று ஒருத்தி ஓடி வருகிறாள், அவளை ஃப்ரிட்ஜ் முன்னால் இறக்கிவிட்டு ரைட் சொல்லவா?

எட்டாவது பாலாடையோ ஒன்பதாவதோ, லேப்டாப்பில் டிங் என்றது. அவர் வாயைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். மாரிச்செல்விதான். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம் அக்கா. குளுக்கோஸ் ஏறுது. உயிருக்குப் பயமில்லைன்னு சொல்லிட்டாக. இனிமே வீட்டுல கொஞ்சம் கொஞ்சமா துளித்துளியா குடுக்கணுமாம், எந்தக் கப்பும் வேண்டாமாம். எப்படிக் குடுக்கன்னு கேட்டேன், நர்சம்மா அவசரத்துல சொல்லிட்டுப் போயிட்டாங்க, எனக்கு ஒண்ணும் மனசுல நிக்கலை. உங்க வீட்டு ஐயா எப்படிக் குடிக்காகன்னு போட்டோல பாத்தேன். எங்கப்பாவால அப்படிக் கையைத் தூக்க முடியாது அக்கா. அப்படி இருக்கவங்களுக்கு என்ன செய்ய?" உலகம்மாள் அதை ரெண்டு தடவை படித்தாள். அப்பாடா, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நெஞ்சு இறங்கியது. கண் மறுபடி கடைசி வரிக்குப் போனது. அப்படி இருக்கவங்களுக்கு என்ன செய்ய. அடி பாவிப்பெண்ணே, அப்படித்தான் இங்கேயும் இருக்கிறது, உன் அப்பா மாதிரியே ஒருத்தர் என் கைக்கெட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார், என் கையில் பாலாடை இருக்கிறது, நீயோ மூன்று மாதத்துக்கு முந்தின கையைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருக்கிறாய்.

லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். முதலில் பட்டனை எடுத்தாள். அது போன இடத்தில் பக்கம் மொட்டையாகத் தெரிந்தது. எங்கேயும் அனுப்பாத பக்கத்தை யார் வைத்திருப்பார்கள், பேச்சி தலையில் அடித்துக்கொள்வாள், அடித்துக்கொள்ளட்டும். அந்த இடத்தில் எழுதினாள், பத்திரத்தில் எல்லை எழுதுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி. இந்தக் கப் இப்போது கிடைப்பதில்லை. சித்திரை முதல் இங்கிருந்து போய் நீல மூடிக் கப் வாங்கினவர்கள் தயவுசெய்து அதை உபயோகிக்க வேண்டாம், அதில் தண்ணீர் வேகமாக வரும், புரையேறும், தவறு என்னுடையது. புரையேறுகிறவர்களை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். கையைத் தூக்க முடியாதவர்களுக்கு, டாக்டர் துளித்துளியாகக் கொடுக்கலாம் என்று சொன்னால், உங்கள் ஊர்ப் பாத்திரக்கடையில் பாலாடை என்று கேளுங்கள். குழந்தைக்கா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வாங்கி வாருங்கள், அல்லது இல்லை என்றே சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதுவரைக்கும் விரல் தடுமாறாமல் ஓடிற்று. அடுத்த வரியில் நின்றுவிட்டது. எங்கள் வீட்டிலும் இப்போது அப்படித்தான். அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்தாள். தாடை எவ்வளவு இறங்க வேண்டும், பாலாடையின் மூக்கு எந்தக் கன்னத்தில் பட வேண்டும் என்று எழுத்தில் சொன்னால் அந்தப் பெண்ணுக்குப் புரியுமா? பதறிப்போயிருக்கிறவளுக்கு எழுத்தா ஏறும்? பார்த்தால்தான் புரியும். ஒரு போட்டோ வேண்டும். இந்தத் தடவை கை மட்டும் போதாது, முகம் வேண்டும்.

அதைத்தான் அவள் கேட்கப் பயந்தாள். இந்த மனுஷர், பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் சும்மா எட்டிப் பார்த்தபோது வாயில் பாலாடை இருந்ததற்கு, ரெண்டு நாள் கஞ்சியே குடிக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டவர். இஸ்திரி போடாத காக்கியை ஒரு நாளும் போட்டறியாதவர். சீப்பு இல்லாமல் வீட்டை விட்டு இறங்கமாட்டார், பின்பாக்கெட்டில் சீப்பு, அதற்கு அப்புறம்தான் விசில். அவரிடம் போய், உங்கள் வாயில் குழந்தைக்கு ஊற்றுகிறதை வைத்து ஊருக்குக் காட்டட்டுமா என்று எந்த வாயால் கேட்பது? கேட்காமல் எடுத்துவிட்டால் என்ன, அவர் எங்கே வெப்சைட்டைப் பார்க்கப் போகிறார் என்று ஒரு கெட்ட யோசனை வந்தது. ச்சீ என்று அதைத் தள்ளினாள். லேப்டாப்பை அவர் பக்கமாகத் திருப்பி, அந்தப் பழைய போட்டோவைக் காட்டினாள். அவர் தன் ரெண்டு கைகளை அதில் பார்த்தார்.  ஜன்னல் ரெண்டு தடவை அறைந்தது.

"ஏங்க," என்றாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை, கெஞ்சுகிற குரலாக இருந்தது. "கோவில்பட்டியில ஒரு பிள்ளை. அதோட அப்பாவுக்கும் நம்மளை மாதிரிதான், கை தூக்க வரலை. எப்படிக் குடுக்கன்னு தெரியாம ஆஸ்பத்திரியில உக்காந்து இருக்கு. நான் அதுக்குக் காட்டணும். இதை மாத்திட்டு, நாம இப்ப எப்படிக் குடிக்கோமோ அதைப் போடட்டுமா? உங்க முகம் தெரியும். ஊரு பாக்கும். வேண்டாம்னா வேண்டாம், நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்." சொல்லிவிட்டு இடது கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள், வலது கையில் பாலாடை.  அவர் போனைப் பார்த்தார். பாலாடையைப் பார்த்தார். கோணின உதடு அசைந்தது.

"ஹோல்டான்."

தெளிவாக, வண்டி நிறைய ஆள் இருக்கும்போது சொல்கிற மாதிரி உரக்கச் சொன்னார். அவ்வளவுதான். உலகம்மாள் போனைக் கீழே வைத்தாள். சரி, சரி, வேண்டாம், எழுத்தே போதும், நான் கேட்டிருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே அவர் கழுத்துத் துண்டைச் சரிப்படுத்தினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, அவருக்குத் தெரியக்கூடாதென்று குனிந்துகொண்டாள். குனிந்தபடியே பார்த்தாள், படுக்கையில் கிடந்த இடது கை நகர்ந்தது. மெத்தையிலிருந்து ஒரு சாண் எழும்பி விழுந்தது. மறுபடி எழுந்தது. நடுங்கி நடுங்கி நெஞ்சு வரை வந்து, அங்கே கொஞ்ச நேரம் இளைப்பாறி, ரெண்டு விரல் மட்டும் நெற்றிக்கு மேலே, கலைந்து கிடந்த நரைமுடியைத் தொட்டது. தொட்டுவிட்டு அவளைப் பார்த்தார், இது கூடவா உனக்குத் தெரியாது என்பது போல.

"ஐயோ, என் சாமி," என்று உலகம்மாள் எழுந்து ஓடினாள். சீப்பு அலமாரியில், பழைய காக்கிச் சட்டைக்குக் கீழே இருந்தது. தண்ணீர் தொட்டு, இடது பக்கம் வகிடு எடுத்து, அவருக்குப் பிடித்த மாதிரி முன்முடியைக் கொஞ்சம் தூக்கிப் படிய வைத்தாள். வாயோரத்தைத் துடைத்தாள். கழுத்துத் துண்டை எடுத்துவிட்டு, துவைத்த துண்டாகப் பார்த்து மாற்றிக் கட்டினாள். செல்போனை ஸ்டூலில் லேப்டாப்புக்குச் சாய்த்து, தானாக எடுத்துக்கொள்கிற மாதிரி வைத்துவிட்டு, பாலாடையில் கஞ்சியை நிறைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் சொல்லாமலே தாடையை இறக்கினார், அந்தக் கோவில்பட்டிப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே இறக்கினார்.

"எடுக்கட்டுமா?" என்றாள்.

"ரைட்," என்றார்.